சூசை வெட்டிய கோடு

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை பகல் தபாலில் வந்தது. அம்மா உறவுக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தாள், நான்தான் பிரித்தேன். நான்கு பக்கம். மூன்று பக்கம் வேனைப் பற்றி, ஒரு பக்கம் கல்யாணத்தைப் பற்றி. வசந்தி இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கொட்டகையில் ஐந்து வருஷமாகச் சும்மா நிற்கும் வேனைக் கல்யாணம் முடிந்ததும் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டு, எஞ்சினின் மூடியான ஹெட்டை இன்னும் கொஞ்சம் சீவி, வேறு கார்புரேட்டர் வைத்து, வசந்தியை உட்கார வைத்து ஊட்டி மலை ஏறுகிற அளவுக்கு அதில் இழுவை கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறாய். படமும் போட்டிருக்கிறாய். எல்லாம் சரி. நாலாவது பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி: "பயப்படாதீர்கள் அப்பா. அப்போது வண்டியைக் கிளப்பும்போது கட்டைவிரலை மடக்கி ஹேண்டிலைப் பிடித்தேனே, அந்தக் கவனக்குறைவு ஒரு தடவை போதும்."

அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நாலு நாள் ஆயிற்று. வேனை நீ தாராளமாக எடுத்துக்கொள், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்த ஒரு வரி. அது தவறான செய்தி. நீ எழுதினாய் என்றாலும் உனக்கு அதைக் கொடுத்தவன் நான். பத்து வருஷமாக நீ அதை நம்பி, உன் சொந்த நினைவு போலவே வைத்திருக்கிறாய். முப்பது வருஷம் செய்தி எழுதியவன், ஒரே ஒரு செய்தியை மட்டும் தெரிந்தே தவறாகக் கொடுத்தேன். அதை என் மகனுக்குக் கொடுத்தேன்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். வரிசை தவறினால் நான் எங்கேயாவது எனக்குச் சாதகமாக ஒதுங்கிவிடுவேன்.

அந்த வேனை அம்மா வாங்கும்போது உனக்குப் பதின்மூன்று வயது. அவள் அப்பா ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராக இருந்தவர் என்பதும், மகளுக்குப் பதினெட்டு வயதிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதும் உனக்குத் தெரியும். மூடிவிட்ட ஒரு பிஸ்கட் கம்பெனியின் டெலிவரி வேன் அது. உள்ளே பெஞ்சு அடித்து, ஜன்னல் வெட்டி, மேலே நீலப் பெயின்ட் அடித்தோம். ஒரு கோடை தாண்டுவதற்குள் பெயின்டுக்கு அடியிலிருந்து பழைய பிஸ்கட் டின் படம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குப் பிஸ்கட் வேன் என்று பெயர் வைத்தார்கள். காலையில் மந்தைவெளியிலிருந்து காலியாகப் புறப்பட்டு, மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். மாம்பலம் ரயில்வே கேட் திறந்திருக்கும் என்று நம்பிப் போனால் முதல் மணி அடித்த பிறகுதான் வந்து சேரலாம். அதனால் அம்மா சுற்றிக்கொண்டு கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறி வருவாள். ஊர் முழுக்கத் தட்டையாகக் கிடக்கிற சென்னையில் நம் வேனுக்கென்று வாய்த்த ஒரே மலை அதுதான்.

மலை என்று சும்மா சொல்லவில்லை. பதினெட்டுப் பேருடன் அது ஏறாது. பாலத்தடியில் அம்மா வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்து, "ஏழாங்கிளாசுக்கு மேல எல்லாரும் எறங்குங்க" என்பாள். பெரிய பெண்கள் ஏழு பேர் பையோடு இறங்கிப் பாலத்தில் நடப்பார்கள். வேன் சின்னப் பிள்ளைகளோடு முனகிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் ஏறும். பாதிப் பாலத்தில் பெண்கள் வேனை ஜெயித்துவிடுவார்கள். இறக்கத்தில் அம்மா காத்திருந்து அவர்களை ஏற்றிக்கொள்வாள். பாலத்தடியில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் தினமும் கேட்பாராம்: "இன்னாம்மா, வண்டிக்கு மூச்சு வாங்குதா? ஒரு டீ வாங்கி ஊத்தேன்!" அம்மாவும் விடமாட்டாள். "நேத்து நீ குடிச்ச டீயை முதல்ல எறக்குய்யா, அப்புறம் வண்டிக்கு வாங்கலாம்" என்பாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் இதை நடித்துக் காட்ட, நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துப் புரையேறியது எனக்கு நினைவிருக்கிறது.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், பெண்கள் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் ஏது? ஏழு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். அன்று அவர்களில் இரண்டு பேருக்கு ரெக்கார்டு நோட்டுச் சமர்ப்பிக்க வேண்டிய நாள். சாயங்காலம் அந்த இருவரில் ஒருத்தியின் அப்பா நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கோபப்படாமல் நிதானமாகவே சொன்னார்: "நடந்து போறதுக்கு எதுக்கும்மா வேன்? நாளையிலேருந்து நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறோம்." அம்மா அவரிடம் அந்த நோட்டை மட்டும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தாள். இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சுட வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்துக் காய வைத்தாள். தவளையின் குடல் படம் மட்டும் கரைந்து போயிருந்தது. அதையும் பென்சிலால் திரும்ப வரைந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேனைப் பாலம் ஏற வைத்தே தீருவது என்று அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். ஆசை நல்ல ஆசைதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சூசையிடம் போனேன். சாந்தோமில் அவர் கொட்டகை உனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பி எல்லோரும் கட்டுமரம் ஏறும் குடும்பத்தில் அவர் மட்டும் எஞ்சின் பக்கம் வந்தவர். "கடலுக்குப் போனா எனக்கு வாந்தி சார், மீனு என்னப் பாத்து சிரிக்குது" என்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் பானெட்டைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். "சார், இது கெயவி. கெயவியப் போயி ஓடச் சொல்றியே."

"ஓட வேண்டாம் சூசை. பாலம் ஏறினால் போதும்."

"ஏத்திரலாம். ஆனா நான் சொல்றத கேக்கணும். நீ பேப்பர்காரன், கேள்வி கேப்பே, சொன்னத கேக்க மாட்டே."

தீபாவளி விடுமுறையில் வேலை நடந்தது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினார். வால்வுகளை உட்கார்ந்து தேய்த்தார். புதுப்பேட்டையில் யாரோ உடைத்த பெரிய காரின் கார்புரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ஆறு தடவை அரத்தால் ராவி உட்கார வைத்தார். நீ மூன்று நாள் அவரோடேயே கிடந்தாய், இன்றைக்கு நீ பம்புத் தொழிற்சாலையில் இருப்பதற்கு அந்த மூன்று நாள்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கடைசி நாள் நீ வீட்டுக்கு வந்த பிறகு, அவர் என்னைக் கூப்பிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டினார். தீப்பொறி எந்த நொடியில் போக வேண்டும் என்பதை அதைத் திருப்பித்தான் வைப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உளியை வைத்து ஒரு தட்டு, அதன் உடம்பில் ஒரு கோடு. இன்னொரு தட்டு, அது உட்காரும் இடத்தில் ஒரு கோடு. "இந்தக் கோடும் அந்தக் கோடும் நேரா நிக்கணும் சார். ஹெட்டச் சீவியாச்சு, நம்ம ஊரு பெட்ரோலும் மட்டம். இத்தத் தாண்டி ஒரு நூலு திருப்பினே, ஹேண்டிலு திருப்பி அடிக்கும். யான உதைச்ச மாரி அடிக்கும். நீ தொடாதே." இதை அவர் என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த இடத்தை நீ அடிக்கோடிட்டுக்கொள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் வேன் பாலம் ஏறியது. முழுக்க இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தொய்ந்தது, மூன்று பெண்கள் மட்டும் இறங்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதுவே திருவிழா. "ஏழு மூணாயிடுச்சு, இன்னும் என்ன?" என்றாள். எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்று இப்போது யோசித்தால் பதில் வெட்கமாக இருக்கிறது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பழைய வேனைப் பறக்க வைத்திருக்கிறேன் என்று, ஏதோ நான்தான் ஹெட்டைச் சீவியது போல. நூலகத்தில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளின் பழைய கட்டு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கட்டுரை, தீப்பொறியைச் சற்று முன்தள்ளி வைத்தால் இழுவை கூடும் என்று படத்தோடு சொன்னது. அச்சில் வந்ததை நம்புவது என் தொழில் கொடுத்த வியாதி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவர் உளியால் வெட்டிய கோட்டைவிட, எங்கோ ஒருவன் தன் நாட்டுப் பெட்ரோலுக்காக எழுதிய பத்தி எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ ஆட்டத்துக்குப் போயிருந்தாய், அம்மா மாங்கொல்லைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். நான் ஸ்குரூவைத் தளர்த்தி, கோட்டைத் தாண்டி ஒரு அரிசி அகலம் திருப்பினேன். எஞ்சின் காலையில் ஓடிச் சூடாகவே இருந்தது, செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. தனியாகப் பாலத்துக்கு ஓட்டிப் போனேன். பறந்தது சேகர். காலி வேன் பறப்பதில் அதிசயம் என்ன என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏற்றத்தில் எஞ்சினுக்குள் கட கடவென்று ஒரு சத்தம் வந்ததையும் சந்தோஷத்தின் சத்தமாகவே எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பாலத்தின் உச்சியில் அம்மா ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். இரவெல்லாம் நின்ற வண்டிக்குச் செல்ஃப் வேலை செய்யாது, பேட்டரி பழசு. முன்னால் ஹேண்டிலைச் செருகி அடித்துச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவது உன் வேலை, அதில் உனக்கு ஒரு பெருமை. பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தாய். புதன்கிழமை மாவட்டப் பூப்பந்துப் போட்டி, அன்றைய பயிற்சிக்கு மட்டையைத் திண்ணையில் எடுத்து வைத்திருந்தாய். அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து "அடி கண்ணா" என்றாள். நான் வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு சத்தம். ஹேண்டில் தெறித்துத் தரையில் விழுந்தது. நீ வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாய். உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை 'ஐயோ' இல்லை. "ஸாரிம்மா" என்றாய். "சரியாப் பிடிக்கலை போல."

அம்மா இறங்கி ஓடி வந்தாள். பயத்தில் அவளுக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். "கட்டைவிரலை மடக்கினியா? நாலு விரலோட சேத்து வெச்சுப் பிடின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" நீ மடக்கவில்லை. எனக்கு அது தெரியும், உன் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மடக்கியிருந்தால் கட்டைவிரல் போயிருக்கும். உனக்கு உடைந்தது மணிக்கட்டு. அம்மா என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் நாலே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஆமாம், கட்டைவிரலாத்தான் இருக்கும் போல" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மத்தியானம் தலையணையும் பிளாஸ்கும் எடுத்துவர நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். தலையணை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, கோட்டுக்குக் கோடு நேராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்து ஸ்குரூவை முடுக்கினேன். சேகர், ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது முட்டாள்தனம். திங்கட்கிழமை மத்தியானம் செய்ததற்கு அந்தப் பெயர் போதாது.

அம்மா விடவில்லை. நேரே சூசையிடம் போய், "என் பிள்ளை கையை ஒடிச்சிட்டியே, என்ன வேலை செஞ்சு வெச்சே?" என்று கேட்டிருக்கிறாள். சூசை அப்படியே அவளோடு வந்தார். பானெட்டைத் திறந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்குரூவின் தலையில் புதிதாகக் கீறிய பளபளப்பு. சுற்றிலும் எண்ணெய்த் தூசு, நடுவில் விரல் பட்டுத் துடைத்த இடம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "டைமிங்கு கரீட்டா கீதும்மா. புள்ள கட்டவெரல மடக்கிப் புட்ச்சிருப்பான்" என்றார். தன் வேலையைப் பழி சொன்னவளிடம், என்னைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார். தெருமுனை வரை அவரோடு நடந்தேன். "சார், எனக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது. எஞ்சினு படிப்பேன்" என்றார். "ஒரு பெரிய மனுசன சம்சாரம் முன்னாடி அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு வாய மூடிக்கினேன். புள்ளைக்கு நீயே சொல்லிடு. கை கூடறதுக்குள்ள சொல்லிடு."

கை கூடியது, நான் சொல்லவில்லை. முதலில் உனக்கு வலி ஆறட்டும் என்று நினைத்தேன். பிறகு பரீட்சை. பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொல்வதா என்று. தள்ளிப் போடுவதற்குக் காரணம் தேடினால் அது தினமும் கிடைக்கும். எலும்பு சேர்ந்தது, ஆனால் உன் வலது உள்ளங்கை முழுதாக மேலே திரும்பவில்லை. பூப்பந்து போயிற்று. மணிக்கட்டைத் திருப்பாமல் அந்த ஆட்டம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? மூன்று மாதம் கழித்து உன் மட்டையை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்து, "நரம்பு தளர்ந்துடும்ப்பா, யாராவது ஆடட்டும்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த வருஷங்களில் நான் மாலைப் பத்திரிகையில் விபத்துச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். விபத்துச் செய்திக்குக் கடைசியில் காரணம் என்று ஒரு வரி வேண்டும். அவசரத்தில், கிடைத்ததை வைத்து, 'கவனக்குறைவே காரணம் என்று தெரிகிறது' என்று முடிப்போம். யாருடைய கவனக்குறைவு? அங்கே இருந்தவர்களில் பதில் பேச முடியாத ஒருவருடையது. லாரி கிளீனர், சைக்கிள்காரர், செத்துப் போனவர். நான் அப்படி எழுதிய வரிகள் எத்தனையோ. என் வீட்டு வாசலிலும் அதையேதான் செய்தேன். அங்கே இருந்த மூன்று பேரில் யார் எதிர்த்துப் பேச மாட்டாரோ அவர் பெயரில் எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவது உன் கைக்காக மட்டும் இல்லை. அந்தக் காலையில் நீ சொன்ன 'ஸாரி' அதோடு நிற்கவில்லை. ஹாஸ்டலில் யாரோ உடைத்த கண்ணாடிக்கு நீ முன்னால் போய் நின்றாய். போன வருஷம் தொழிற்சாலையில் ஷிஃப்டில் ஏதோ வார்ப்பு வீணானதற்கு, "நான்தான் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அடையாறில் பெண் பார்க்கப் போன அன்று, அந்த வீட்டுக் குழந்தை ஓடி வந்து மோதி வசந்தியின் அப்பா கையிலிருந்த காபி உன் சட்டையில் கொட்டியது. நீதான் "ஸாரி சார்" என்றாய். கதவோரத்தில் நின்ற வசந்தி வாய்விட்டுச் சிரித்து, "அவர் எதுக்கும்மா ஸாரி சொல்றார்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் முதல் பத்து நிமிஷத்தில் கேட்ட கேள்விக்கு விடை என்னிடம்தான் இருந்தது. எதற்கெடுத்தாலும் தப்பு தன்னுடையதுதான் என்று நினைக்கிற பிள்ளையை ஊர் நல்ல பிள்ளை என்கிறது. அந்த நல்ல பிள்ளையை நான் எப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் முதல் பத்திரிகையைச் சூசைக்குக் கொடுக்கச் சாந்தோமுக்குப் போனேன். இப்போது அவருக்குக் கண் மங்கல், மருமகன்தான் கொட்டகையைப் பார்க்கிறான். பத்திரிகையை வாங்கி மஞ்சளைத் தடவிப் பார்த்தார். "கல்யாணமா! பய கை எப்படி கீது?" என்றார். பரவாயில்லை என்றேன். பிறகு, "சொல்லிட்டியா சார்?" என்று கேட்டார். முதல் இரண்டு வருஷம் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு விட்டுவிட்டார். இத்தனை நாள் கழித்து அதே குரலில் கேட்டார். நான் இல்லை என்றேன். "கண்ணாலத்துக்கு நான் வரணுமா, வேணாமா?" என்றார். வீட்டுக்கு வந்தேன். நாலைந்து நாளில் உன் கடிதம்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இங்கே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். முடிக்கும்வரை கத்தியும் நிற்கவில்லை, அவளும் நிமிரவில்லை. பிறகு எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து முந்தானையில் எண்ணெய்க் கறையோடு வந்தாள். "கோடு இன்னும் அப்படியே இருக்கு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க. பத்து வருஷமா அவன் கட்டைவிரலைத் திட்டியிருக்கேன். சூசை மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தியிருக்கேன். என்னையும் உங்க பொய்யைச் சொல்ல வெச்சிட்டீங்களே." அதற்குப் பிறகு இந்த நிமிஷம்வரை என்னோடு பேசவில்லை. காலையில் காபி மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல். மறதியா தண்டனையா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. குடித்துவிட்டேன். அவள் உனக்குத் தனியாக எழுதுகிறாள், என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

இனி வேன். எடுத்துக்கொண்டு போ. உன் படத்தில் இருக்கிறபடியே செய். ஹெட்டை எவ்வளவு சீவலாம், பிஸ்டன் எந்த அளவு என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன், திறந்தாலும் கேட்காதே. ஆனால் செய்து முடித்த பிறகு உன் கோட்டை நீயே வெட்டு. அது எதற்கு என்று வசந்திக்கும் சொல். வண்டியில் உட்காரப் போகிறவருக்கும் ஹேண்டில் பிடிக்கப் போகிறவருக்கும் தெரியாத கோடு எதற்கும் உதவாது. வீட்டில் நீ எதை மாற்றினாலும், நல்லதற்கே மாற்றினாலும், அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. ஆச்சரியப்படுத்துகிறேன் என்று வைத்திருக்காதே. எனக்குத் தெரிந்த இல்லற ரகசியம் இவ்வளவுதான். கோயம்புத்தூருக்குப் புறப்படும் அன்று செல்ஃப் பிடிக்கவில்லை என்றால், ஹேண்டிலை நான் அடிக்கிறேன். அறுபது வயதில் முடியுமா என்று அம்மாவைப் போலவே நீயும் கேட்பாய். முடியாவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்கிறேன். நீ ஸ்டியரிங்கில் உட்கார்.

எங்கள் ஆபீஸில் தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். கண்ணுக்குத் தெரியாத மூலையில், சின்ன எழுத்தில் போடுவோம். இதை நான் பெரிய எழுத்திலேயே எழுதுகிறேன். அன்று உன் கட்டைவிரல் சரியான இடத்தில்தான் இருந்தது. தவறு முழுவதும் என்னுடையது. நாளை சூசையிடம் போய், 'பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன்' என்று சொல்லப் போகிறேன். அவர் கல்யாணத்துக்கு வருவார்.

கடைசியாக ஒன்று. சின்ன வயதிலிருந்து உன்னைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். கை உடைந்த பிறகு, தீர்த்தம் வாங்கும்போது உன் உள்ளங்கை ஒரு பக்கமாகச் சாயும், பாதி கீழே சிந்தும். உடனே அர்ச்சகரைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்பாய். முகூர்த்தத்தன்று தாரை வார்க்கும்போது வசந்தியின் கையை உன் கையில் வைத்து அவள் அப்பா தண்ணீர் ஊற்றுவார். உன் கை சாயும். தண்ணீர் வேட்டியிலும் மணையிலும் ஓடும். சபையில் இருநூறு பேர் பார்ப்பார்கள். சிந்தட்டும். ஸாரி என்று மட்டும் சொல்லாதே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார். ஏன் கை சாய்கிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு நான் பின்னாலேயே நிற்பேன்.

உன் அப்பா